ஏழாவது கூடைக்கருகில் வந்த பெரியவர்

போன வருடம் மழை ஓய்ந்து குளிர் தொடங்கியிருந்த நாட்களில், வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து விருந்தினர் மாளிகையில் நடந்தது இது. நான் கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். எங்கள் பிரிவை வருடத்துக்கு ஒருமுறை எங்காவது வெளியூர் அழைத்துப் போவார்கள். அந்த முறை வால்பாறை.

கம்பெனியை ஆரம்பித்தவரை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'பெரியவர்' என்றால் அவர்தான். மகன்கள் நிர்வாகத்துக்கு வந்த பிறகு அவர் அலுவலகம் வருவது அரிதாகிவிட்டது. நான் அவரைப் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். இந்தப் பயணத்தின் இரண்டாம் நாள் அவரும் எங்களோடு வந்து சாப்பிடுவதாக ஏற்பாடு.

ஆழியாறு தாண்டி, பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திணறி ஏறிக்கொண்டிருந்தபோது எங்கள் மேலாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நாளைக்குப் பெரியவரு வாராருங்க. எதிர்ல பாத்தீங்கன்னா வழியை உட்டு ஒதுங்கி நின்னு ஒரு வணக்கம் சொல்லுங்க. செல்பி கில்பின்னு மொய்க்காதீங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த 'ஒதுங்கி நின்னு' தொண்டையில் மீன் முள்போல மாட்டிக்கொண்டது.

அதற்குக் காரணம் உண்டு. என் அப்பாவும் அம்மாவும் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லீவு நாட்களில் அவர்களோடு தோப்புக்குப் போவேன். எதிரே தோப்பின் முதலாளியான தோட்டக்காரர் வருவது தெரிந்தால் அப்பா வரப்பை விட்டு வாய்க்காலுக்குள் இறங்கி நிற்பார். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாக இறங்கிவிடும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலும் இறங்குவார். தோட்டக்காரர் கடந்து போனதும் நனைந்த வேட்டியோடு மேலேறி, ஒன்றுமே நடக்காததுபோல் என்னிடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார்.

இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்த அன்று எனக்கு நானே ஒரு வார்த்தை கொடுத்துக்கொண்டேன். இனி யாருக்காகவும் வழியை விட்டு இறங்க மாட்டேன் என்று. இதைத் திமிர் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும். படித்துச் சம்பாதித்த திமிர்தானே.

ஆகவே பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். பெரியவர் எதிரே வந்தால் நடுப்பாதையில் நின்றபடி, முகத்துக்கு நேரே பார்த்து வணக்கம் சொல்வேன். ஒரு அடிகூட நகர மாட்டேன்.

மறுநாள் காலையில் எங்களுக்கு ஒரு ஆட்டம் காத்திருந்தது. டிஸ்க் கோல்ஃப். அந்த எஸ்டேட் முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்தபோது பழகிக்கொண்டு வந்து இங்கே போட்டதாம். கோல்ஃப் மாதிரிதான், ஆனால் பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. காட்டுக்குள் அங்கங்கே ஒரு கம்பம் நட்டு, அதில் ஒரு இரும்புக் கூடை, கூடைக்கு மேலே சுற்றிலும் தொங்கும் சங்கிலிகள். தட்டை வீச வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழும்வரை இதேதான். குறைந்த வீச்சில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவர் ஜெயித்தவர்.

ஒரு பக்கம் அணைத் தண்ணீர் தேங்கி நிற்கும் பெரிய ஏரி. இன்னொரு பக்கம் மேலேறிப் போகும் தேயிலைச் சரிவு. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை அகலத்துக்கு வெட்டாமல் விட்டுவைத்த காடு. அதற்குள் ஒரு மண்பாதை. அந்தப் பாதையை ஒட்டித்தான் கூடைகள்.

அந்த ஆட்டக்களத்தைப் பராமரிக்கும் அக்காவைத்தான் எங்களோடு அனுப்பினார்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவர். பேச்சில் கொங்கு கொஞ்சமும் குறையவில்லை. மாளிகை வாசலில் நிறுத்தி எங்களுக்குச் சட்டதிட்டம் சொன்னார்.

"ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க. தட்டு தண்ணிக்குள்ள உழுந்தா எடுக்கப் போகாதீங்க. அட்டை கடிக்கும், காலைப் பாத்துக்கோங்க. ஆனை அக்கரைக்குப் போயி நாலஞ்சு நாளாச்சு. இருந்தாலும் நான் ஒண்ணு சொன்னா அப்பவே கேட்டுப்போடோணும். ஏன், எதுக்குன்னு நின்னு பேசப்படாது."

எல்லோரும் "சரிங்க்கா" என்றோம். நானும்தான்.

இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். என் ஜோடி, ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர். சிமென்ட் ஆலை இருக்கும் மதுக்கரையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவருக்கு ஆபீசில் 'சிமென்ட்' என்று பெயர். வாய் மட்டும் சிமென்ட் போட்டாலும் அடைபடாது.

நான் வீசிய முதல் தட்டு பக்கத்து மரத்தில் அடித்து என் காலடிக்கே திரும்பி வந்தது. இரண்டாவது தேயிலைச் செடிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"ஏனுங்க அம்மணி, ஆட வந்தீங்களா, கொழுந்து பறிக்க வந்தீங்களா?" என்றார் சிமென்ட்.

"உங்க தட்டு எங்கீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல."

"அது ஏரிக்குள்ள மீன் புடிக்கப் போயிருக்குதுங்க."

மூன்று கூடை வரை இப்படியே சிரிப்பும் கேலியும்தான். நாலாவது கூடையில்தான் ஏதோ ஒன்று எனக்குப் பிடிபட்டது. பாதையிலிருந்து பார்த்தால் கூடை நேரே தெரியாது. ஏரி அந்த இடத்தில் காட்டுக்குள் ஒரு நாக்கை நீட்டியிருந்தது. அந்தத் தண்ணீருக்கு அப்பால், மரங்களுக்குப் பின்னால் கூடை. தோளை இறுக்காமல், தட்டைச் சாய்க்காமல், மணிக்கட்டை மட்டும் சட்டென்று சுண்டினேன்.

தட்டு இரண்டு மரங்களுக்கு நடுவே நுழைந்து தண்ணீருக்கு மேலே போனது. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அது அவசரப்படாமல், மூடுபனியின் மேல் சாய்ந்துகொண்டு, யாரோ கைபிடித்துத் திருப்பியதுபோல் கரையை நோக்கி வளைந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சங்கிலிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

பம்புக்குள் சுழன்று தண்ணீரை வளைத்துத் தள்ளும் இறக்கைகளைக் கம்ப்யூட்டரில் வரைவதுதான் என் தொழில். வளைவுக்கான கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் காற்று ஒரு பொருளை அப்படித் தாங்கிக் கொண்டுபோவதை என் கண்ணால் அன்றுதான் பார்த்தேன். அப்போதுதான் காட்டின் அமைதி காதில் விழுந்தது. எங்கள் தலைக்கு மேலே ஒரு இருவாச்சிப் பறவை ஏரியைக் கடந்து போனது. அதன் இறக்கைச் சத்தம், யாரோ பெரிய ஜமக்காளத்தை உதறுவதுபோல, அது கண்ணுக்கு மறைந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது. பாலின் ஆடையைப் போலத் தண்ணீர் மேல் பனி. நான் பொள்ளாச்சியில் பிறந்தவள். இந்த மலையைத் தினமும் அடிவானத்தில் நீலமாகப் பார்த்து வளர்ந்தவள். அதற்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு ஆட்டம் என் கைக்கு வந்துவிட்டது. ஆறாவது கூடை முடிந்தபோது நாங்கள்தான் எல்லோருக்கும் முன்னால். மற்றவர்கள் பின்னால் எங்கோ தட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது கூடை பாதை ஓரத்திலேயே, ஒரு வளைவுக்குச் சற்று இப்புறம் இருந்தது. அக்கா வழக்கம்போல் எங்களுக்கு முன்னால் வளைவு தாண்டிப் போய், வழியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

நான் வீசுவதற்குக் கையை ஓங்கிய நேரம் அவர் திரும்பி வந்தார். ஓடவில்லை. ஆனால் கால் வேகமாக இருந்தது. கையைத் தாழ்த்தி, அமர்த்துவதுபோல் ஆட்டிக்கொண்டே, ரகசியம் போன்ற குரலில் சொன்னார்.

"அம்மணி, பெரியவரு வாராருங்க. அப்படியே மேல ஏறி ஒதுங்கி நில்லுங்க."

சிமென்ட் ஒரே தாவலில் தேயிலைச் சரிவில் ஏறிவிட்டார். ஏறிய கையோடு சட்டையைப் பேண்ட்டுக்குள் செருகிக்கொண்டு, தலையையும் கோதிக்கொண்டார். மத்தியானம் வர வேண்டியவர் காலையிலேயே வந்துவிட்டார் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம்.

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. நேற்று பஸ்ஸில் கேட்ட அதே சொல். இன்று ஒரு கூலிக்கார அக்காவின் வாயில், அப்பாவின் கால்களுக்கு இருந்த அதே பயத்தோடு.

"நான் எதுக்குங்க்கா ஒதுங்கோணும்? அவரு பாட்டுக்கு வரட்டும். நான் பாட்டுக்கு ஆடறேன்."

அக்காவின் முகம் வெளுத்தது. "அப்படியெல்லாம் பேசாதீங்க அம்மணி. அவரு காதுல உழுந்துரும்."

"உழுகட்டுமுங்க. நல்லா உழுகட்டும்."

"வேண்டாமுங்க. ஏற்கெனவே கூட்டத்தோட சண்டை கட்டிட்டு ஒத்தையில திரியறாரு."

மேலேயிருந்து சிமென்ட் குனிந்து கிசுகிசுத்தார். "ஏனுங்க்கா, பெரிய ஊட்டுல சொத்துத் தகராறுங்களா?"

அக்கா அவரைப் புரியாமல் பார்த்தார். "இப்பத்தான் போன் வந்துச்சுங்க, காத்தால கூட சத்துணவுக்கூடத்துக் கதவை முட்டித் தள்ளிப்போட்டு, அரிசி மூட்டையைத் தின்னுபோட்டு வாராராமுங்க!"

சிமென்ட்டின் கை தலையிலேயே நின்றுவிட்டது. நான் வளைவைப் பார்த்தேன். அங்கே அவர் நின்றிருந்தார்.

வந்த சத்தம் இல்லை. சருகு மிதிபட்ட சத்தம்கூட இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு பஞ்சில் கால் வைப்பதுபோல வைத்து வந்திருந்தது. நான் கோயில் யானைகளைப் பார்த்திருக்கிறேன், காசு கொடுத்து ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறேன். அது வேறு. இது நெற்றியில் எந்தக் கோடும் இல்லாத, யாருக்கும் வணக்கம் சொல்லிப் பழகாத யானை. முதுகில் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு தந்தம் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை. எனக்கும் அதற்கும் நடுவே ஒரு பஸ் நீளம்கூட இல்லை. நடுவில் ஏழாவது கூடை மட்டும்தான்.

ஓட வேண்டும் என்று புத்தி சொன்னது. கால் கேட்கவில்லை. கையில் அந்த ஆரஞ்சுத் தட்டு அப்படியே இருந்தது.

யானை இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றது. துதிக்கையை நீட்டிக் கூடையைத் தொட்டது. சங்கிலிகள் கலகலவென்று ஆடின. சட்டென்று காதுகளை விரித்து அசையாமல் நின்றது. சத்தம் அடங்கும்வரை கேட்டது. பிறகு துதிக்கையின் நுனியால், ஒரு சங்கிலியை மட்டும் எடுத்து, மெல்ல விட்டது. 'கலீர்' என்றது. மறுபடி கேட்டது. மறுபடி ஒன்று.

அதற்குச் சங்கிலி ஒரு விளையாட்டுச் சாமான். சங்கிலியால் வேறு என்ன செய்வார்கள் என்று அதற்குத் தெரியாது. இது எனக்கு எப்படி அந்த நேரத்தில் தோன்றியது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் தோன்றியது. பயம் எனக்குள்ளேயே இருந்தது. அந்தப் பயத்தை விடப் பெரிதாக இன்னொன்று அதன் மேல் வந்து நின்றுவிட்டது. யானையின் கண்ணில் நீளமான இமை மயிர்கள் இருந்தன. நசுக்கிய புல்லும் ஈர மண்ணும் கலந்த வாசனை வந்தது. என் வாழ்க்கையில் அதைப்போல முழுசாக இருக்கிற ஒன்றை நான் பார்த்ததில்லை.

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. என்னிடம் பேசவில்லை.

"சாமி, புள்ளைக்குத் தெரியாதுங்க. ஊருக்குப் புதுசுங்க. நீங்க உங்க வழியில போங்க. நாங்க ஒண்ணும் பண்ண மாட்டமுங்க."

பக்கத்து வீட்டுப் பெரிய மனிதரிடம் சமாதானம் பேசுகிற குரல். 'ங்க' விடாமல். பிறகு அதே மூச்சில், இன்னும் மெதுவாக என்னிடம் சொன்னார். "அம்மணி, ஓடாதீங்க. அவரைப் பாத்துட்டே ஏறி வாங்க."

யானை கூடையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. கோபமாகத் தெரியவில்லை. உனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள் என்பதுபோல் நின்றது. அந்தப் பாதை அதனுடையது. அதைப் பார்த்த நொடியில் அது எனக்குப் புரிந்தது. யாரும் எழுதிக் கொடுத்து அதனுடையது ஆகவில்லை. யாரையும் இறக்கிவிட்டும் ஆகவில்லை. அது நடந்து நடந்து உண்டான பாதை.

என் கால் அசைந்தது. ஒரு அடி பக்கவாட்டில் வைத்தேன். பிறகு கண்ணை எடுக்காமல் சரிவில் ஏறினேன். அக்கா என் கையைப் பிடித்து ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

யானை நான் நின்றிருந்த இடத்தைத் துதிக்கையால் முகர்ந்து பார்த்தது. எங்களுக்குக் கீழே, கை நீட்டினால் முதுகு எட்டிவிடுமோ என்று தோன்றும்படி நடந்து போனது. சற்றுத் தள்ளிக் கரையில் இறங்கியது. முழங்கால், வயிறு, முதுகு என்று உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போய், கடைசியில் நெற்றியும் மேலே தூக்கிய துதிக்கையும் மட்டும் மிஞ்சின. பனிக்குள் அது நீந்திப் போனது. ஏரி முழுவதும் ஒரே ஒரு கோடு இழுத்ததுபோல் தண்ணீர் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது.

"ஏனுங்க்கா," என்றேன், குரல் வந்ததும், "காலையில ஆனைன்னுதானே சொன்னீங்க? இப்ப எதுக்கு பெரியவருன்னீங்க?"

"அது ஊட்டு வாசல்லீங்க அம்மணி. காட்டுக்குள்ள வந்து அவரு பேரைச் சொல்லுவாங்களா? மரியாதை இல்லீங்களா?" என்றவர், அப்போதுதான் நினைவு வந்ததுபோல் கேட்டார். "ஆமா, நீங்க யாருன்னு நெனச்சுப்போட்டீங்க?"

சிமென்ட் அப்படியே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் குலுங்கினார். "நான் சட்டையை டக்-இன் பண்ணுனேனுங்க... ஆனைக்கு!"

யானை அக்கரை ஏறும் வரை நாங்கள் கீழே இறங்கவில்லை. இறங்கியபோது வளைவுக்கு அப்பால் ஆட்கள் நிற்பது தெரிந்தது. எஸ்டேட் ஆட்கள், எங்கள் மேலாளர், நடுவே வெள்ளை வேட்டியில் குள்ளமாக ஒருவர். உண்மையான பெரியவர். யானை பாதையில் வந்த செய்தி கேட்டு ஜீப்பை நிறுத்திவிட்டு, மரங்களுக்கு இடையே எட்டிப் பார்த்தபடி அங்கேயே காத்து நின்றிருக்கிறார்.

"போயிட்டாருங்களா?" என்று அக்காவைக் கேட்டார்.

"அக்கரை ஏறிட்டாருங்க."

அதன் பிறகுதான் அவர் பாதையில் எங்களை நோக்கி நடந்தார். பின்னால் வந்த மேலாளர் என்னைப் பார்த்துக் கையால் ஒதுங்கு, ஒதுங்கு என்று காட்டினார். நான் நகரவில்லை. வணக்கம் சொன்னேன்.

"ஆனை முன்னால நின்னது நீதானா கண்ணு? பயமா இல்லியா?"

"பயமாத்தானுங்க இருந்துச்சு. நீங்கன்னு நெனச்சுத்தான் நின்னேனுங்க."

வாயிலிருந்து வந்துவிட்டது. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் ஒரு கணம் புரியாமல் பார்த்தார், பிறகு வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"என்னைன்னு நெனச்சா எதுக்கு நிக்கோணும்?"

"ஒதுங்கச் சொன்னாங்க. அதனாலதானுங்க."

சிரிப்பு நின்றது. என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. "சரி வா, அவரு வெளையாடுன கூடையைக் காட்டு," என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே நடந்தார். அந்தப் பாதையில் மனிதர்கள் இரண்டு பேர் தாராளமாகச் சேர்ந்து நடக்கலாம். இடம் போதுமானதாக இருந்தது.

ஊருக்குப் போனதும் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "எத்தாச்சோடு இருந்துச்சு கண்ணு?" இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். பற்றவில்லை. அப்பா எழுந்து போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

யாருக்காகவும் வழியை விட்டு இறங்குவதில்லை என்ற என் வார்த்தை இன்றும் அப்படியேதான் இருக்கிறது, மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனால் அன்று அந்தக் காட்டில் யாரும் அதட்டாமல், மனம் நிறைந்து நானாகப் பக்கவாட்டில் எடுத்து வைத்த அந்த ஒரு அடியை நினைக்கும்போதெல்லாம், தங்கள் இஷ்டத்துக்கு அப்படி ஒரு அடி எடுத்து வைக்க என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லையே என்றும், அது எனக்குக் கிடைத்ததே என்றும் ஒரே நேரத்தில் நெஞ்சு கனத்துப் போகிறது.